ஆடி நடந்த நத்தை

ஆன்மேரி மதுரையில் ஒரு மகளிர் கல்லூரியில் விலங்கியல் கௌரவ விரிவுரையாளராக இருந்தாள். கௌரவம் என்ற சொல்லைத் தவிர அந்த வேலையில் நிரந்தரமானது ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஆணை வரவேண்டும். அப்படிப் பன்னிரண்டு ஜூன்கள் கழிந்துவிட்டன. மன்னார் வளைகுடாவின் பொடி நத்தைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவள் அவள். கண்ணுக்கு மணல்போலத் தெரிகிற ஓடுகளை இனம் பிரித்துச் சொல்லத் தெரியும். ஆனால் பட்டம் வாங்கிய நாளிலிருந்து அந்தத் திறமையை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

முதன்முதலில் கேட்டவர், கோவாவில் நடந்த ஒரு பயிலரங்கில் தேநீர் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு விஞ்ஞானி. அண்டார்டிகாவில் நம் நாட்டு ஆய்வு நிலையத்தில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை என்று இவள் சொன்னதும், தங்களோடு ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்தவரும் மதுரைப் பக்கம்தான் என்றார். கடலில் பனியை வெட்டித் துளை போட்டு, அந்த மெக்கானிக்கும் அவருமாக வலை இறக்கி எடுத்த நத்தைகள் மூன்று வருடமாகப் பெயர் தெரியாமல் கிடக்கின்றன, பார்க்கிறீர்களா என்று கேட்டார். ஆன்மேரி கையிலிருந்த தேநீரைக் குடிக்க மறந்து தலையாட்டினாள்.

ஒரு மாதம் கழித்து, அரசு முத்திரை போட்ட கடிதத்தோடு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கூரியரில் வந்தது. உள்ளே ஆல்கஹாலில் முப்பத்தொரு நத்தைகள். ஒவ்வொன்றும் கேப்பை மணி அளவு. சீட்டில் ஜனவரி மாதத் தேதி, பதினோரு மீட்டர் ஆழம், கடற்பாசியின் மேல், அவ்வளவுதான். துறைத்தலைவி சிஸ்டர், வகுப்புகள் முடிந்தபின் நுண்ணோக்கியைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லி ஆய்வகச் சாவியைக் கொடுத்தார். தினமும் நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அந்த நத்தைகளோடு உட்காருவது ஆன்மேரிக்குப் பழக்கமாயிற்று.

வேலை சுலபமாக இருக்கவில்லை. ஆல்கஹால் நிறத்தை எல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது. உயிர் போகும்போது நத்தைகள் உடம்பை ஓட்டின் கடைசிச் சுற்றுவரை இழுத்துக்கொண்டிருந்தன. ஓடுகளும் குளிர்ந்த நீரில் அரிக்கப்பட்டு, நுனி மழுங்கி இருந்தன. உயரம், அகலம், வாயின் அளவு என்று முப்பத்தொன்றையும் அளந்து அட்டவணை போட்டாள். இதுவரை எழுதப்பட்ட எந்த இனத்தின் விவரிப்புக்குள்ளும் அந்த அளவுகள் அடங்கவில்லை. சில குட்டையாக உருண்டிருந்தன, சில ஒரு மயிரிழை உயரமாக இருந்தன. ஒரே பாசியிலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்தவை என்பதால் எல்லாம் ஒரே இனம் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அப்படியானால் இது உருவம் அதிகமாக மாறுபடுகிற, இதுவரை யாரும் பெயரிடாத இனமாக இருக்கவேண்டும்.

அந்த எண்ணம் வந்ததை அவள் கணவன் ஜினோவிடம்கூட உடனே சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். பதினோரு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினாள். புது இனம் ஒன்று தன் பெயரில் பதிவானால் கல்லூரி தன்னை வேறு மாதிரிப் பார்க்கும் என்ற ஆசையும் அந்தப் பக்கங்களுக்குள் இருந்தது.

அனுப்புவதற்கு முன்னால், நியூசிலாந்தில் ஒரு அருங்காட்சியகத்தில் நாற்பது வருடமாக நத்தைகளைப் பார்த்துவரும் நிபுணர் ஒருவருக்குப் படங்களை மின்னஞ்சலில் அனுப்பிக் கருத்துக் கேட்டாள். அறிமுகம் இல்லாதவர். ஆனாலும் மறுநாளே பதில் வந்தது, நான்கே வரி. அந்தக் கடலின் ஓடுகளை நம்பமுடியாது, நானே இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இவற்றை உயிரோடு பார்த்தவர் யாராவது உண்டா? கொம்பு என்ன நிறம், எப்படி நடந்தது என்று விசாரியுங்கள். விசாரித்துவிட்டுப் பெயர் வையுங்கள்.

ஆன்மேரிக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் மனசு கேட்காமல் கோவா விஞ்ஞானியைக் கூப்பிட்டாள். அன்றைக்கு ஐந்தாறு மாதிரிகளைப் பதப்படுத்துகிற அவசரத்தில் தான் எதையும் கவனிக்கவில்லை என்றார் அவர். மெக்கானிக் ராம்கியைக் கேட்டுப் பாருங்கள், அவர்தான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லி எண்ணைக் கொடுத்தார்.

ராம்கிக்குக் கொட்டாம்பட்டியில் பட்டறை. அண்டார்டிகாவிலிருந்து திரும்பிய பிறகு வேறு வேலைக்குப் போகாமல், நான்குவழிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தகரக்கூரை போட்டு, பவர் டில்லரும் டீசல் மோட்டாரும் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆன்மேரி மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்குப் போனாள். திருச்சி வண்டி நடத்துனர்கள் இருவர் கொட்டாம்பட்டியில் நிற்காது என்று கைவிரித்தபின், மூன்றாவது வண்டியில் இடம் கிடைத்தது.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ராம்கி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலி போட்டார். பனியில் துளை போட்டது, கயிறு உறைந்து கம்பியாகிப்போனது, கையுறை கயிற்றிலேயே ஒட்டிக்கொண்டது என்று எல்லாவற்றையும் ஆசையாகச் சொன்னார். பாசியில் ஒட்டிக்கொண்டு வந்த நத்தைகளை ஒரு தட்டில் கடல்தண்ணீர் ஊற்றிப் போட்டு, அதன்மேல் ஒரு லென்ஸைப் பிடித்துப் போனில் வீடியோ எடுத்ததும் ஞாபகம் இருந்தது. அந்தப் போன் அதற்கடுத்த மாதமே கைதவறி விழுந்து உடைந்துபோயிற்று. நத்தையின் நிறத்தைக் கேட்டதும் கொஞ்சநேரம் யோசித்தார்.

"பழுப்புன்னு சொல்லவா, கறுப்புன்னு சொல்லவா? தெரியாததச் சொல்லிட்டேன்னா நீங்க எழுதிருவீங்க. எனக்கு ஞாபகமில்ல டீச்சர்."

ஆன்மேரிக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் வந்த காரியம் அதோடு முடிந்துவிட்டது. கட்டுரையை அப்படியே அனுப்பிவிடலாம், விசாரித்தாயிற்று என்று நியூசிலாந்து நிபுணருக்கும் பதில் எழுதிவிடலாம். பையை எடுத்தாள். அப்போதுதான், டம்ளர்களில் காபி கொண்டுவந்த ராம்கியின் மனைவி முத்துமீனா, தட்டை ஸ்டூலில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அதுல ரெண்டு தினுசு இருந்துச்சு டீச்சர்."

ராம்கி திரும்பிப் பார்த்தார். ஒனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அந்த வீடியோவை எடுத்தவுடன் அவர் அவளுக்குத்தான் அனுப்பியிருந்தார். அனுப்பியதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

முத்துமீனாவுக்கு அது மறக்கக்கூடியதாக இல்லை. ராம்கி கப்பலேறிப் போனபோது அவள் இரண்டு மாதக் கர்ப்பிணி. அதற்கு முன்னால் இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறையும் நான்காம் மாதம் உதிரம் கண்டது. மருத்துவர், பிரசவம்வரை படுக்கையைவிட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அம்மா செல்லத்தாய் வீட்டில், ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுப் படுத்தாள். நாற்பத்தெட்டு விநாடி ஓடும் அந்த வீடியோ அந்த வாரத்தில்தான் வந்தது. காலையில் பார்ப்பாள், மத்தியானம் பார்ப்பாள், வயிற்றில் ஒரு வலி வந்தால் உடனே போனைத் தேடுவாள். எத்தனை நூறு தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

ரெண்டு தினுசு என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று ஆன்மேரி கேட்டாள். அப்போதுகூட அவள் பெரிதாக ஒன்றும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டின் நிறம் கொஞ்சம் முன்பின்னாக இருந்திருக்கும் என்று நினைத்தாள். முத்துமீனா ஸ்டூலின்மேல் முஷ்டியை வைத்தாள்.

"ஒன்னு இப்படி ஆடி ஆடிப் போகும். வாத்து நடக்குதுல்ல, அந்த மாதிரி. மேல இருக்குற ஓடும் சேந்து ஆடும்." முஷ்டியை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து நகர்த்திக் காட்டினாள். பிறகு உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரே இழுப்பாக நகர்த்தினாள். "இன்னொன்னு ஆடவே ஆடாது. எண்ணெய்ல வழுக்குற மாதிரி அதுபாட்டுக்குப் போகும். அதுக்குக் கொம்பு கண்ணாடி கணக்கா இருக்கும். ஆடுறதுக்குக் கொம்புல கறுப்புக் கோடு."

ஆன்மேரி பையைக் கீழே வைத்தாள். பாதம் நடுவில் நீளவாக்கில் பிளவுபட்ட நத்தைக் குடும்பம் ஒன்று உண்டு. இடது பாதியை ஒரு முறை, வலது பாதியை ஒரு முறை என்று மாற்றி மாற்றி வைப்பதால் நடக்கும்போது ஓடு ஆடும். வேறு குடும்பங்களின் நத்தைகள் பாதம் முழுவதும் அலைபோல ஓடி வழுக்கிச் செல்லும். இதைப் புத்தகத்தில் படித்தவள் ஆன்மேரி. பார்த்தவள் இந்தப் பெண். முப்பத்தொன்றையும் ஒரே குவியலாகச் சேர்த்தது கடல் இல்லை, தான்தான் என்று ஆன்மேரிக்கு அந்த இடத்திலேயே உறைத்தது. பதினோரு பக்கமும் தப்பாக இருக்கலாம். அந்த வீடியோ இப்போது எங்கே என்று கேட்டாள்.

வீடியோ இருந்த பழைய போன் பீரோவில் இருந்தது. பேட்டரி உப்பிப்போய், பின்பக்க மூடி பிளந்து கிடந்தது. அதை உயிர்ப்பிக்கத் தெரிந்தவன் தல்லாகுளத்தில் கடை வைத்திருக்கிற சிவக்குமார்தான் என்று ராம்கி சொன்னார். ஐடிஐயில் கூடப் படித்தவன். வியாழக்கிழமை மோட்டார் சாமான் வாங்க மதுரைக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்றார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ஒடுக்கமான கடையில் நான்கு பேரும் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். முத்துமீனாவும் வந்திருந்தாள். சிவக்குமார் வேறொரு பேட்டரியை வெளியிலிருந்து ஒயர் கொடுத்து இணைத்தான். இரண்டு முறை திரை வெளிச்சம் காட்டி அணைந்தது. போர்டே போயிருக்கும் போல மாப்ள என்று அவன் உதட்டைப் பிதுக்கியபோது, ஆன்மேரி தன்னை அறியாமல் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் முறை போன் விழித்துக்கொண்டது. முத்துமீனா அதைக் கையில் வாங்கி, தேடாமல் கொள்ளாமல் நேரே அந்த வீடியோவைத் திறந்தாள்.

பழுப்பு நிறப் பாசி இலை. அதன்மேல் நான்கு நத்தைகள். லென்ஸின் ஓரம் மங்கலாகவும் நடுப்பகுதி தெளிவாகவும் இருந்தது. நான்கும் ஆடி ஆடி நடந்தன. கொம்பில் கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிந்தது. பின்னணியில் ராம்கியின் குரல், இங்க பாரு மீனா, கேப்பை சைஸ்ல நத்தை என்றது.

"இப்பப் பாருங்க," என்றாள் முத்துமீனா. "எடது பக்கத்துல இருந்து ஒன்னு வரும்."

வந்தது. ஆடாமல், குலுங்காமல், இலையின் விளிம்பிலிருந்து ஒரே சீராக வழுக்கிக்கொண்டு நடுவுக்கு வந்தது. கொம்புகள் நீர்த்துளிபோல நிறமற்று இருந்தன. திரும்பியபோது ஓட்டின் வாய் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல ஒரு சின்னக் குழி தெரிந்தது. அரிப்பின் தழும்பு என்று இதுவரை ஒதுக்கியிருந்த அந்தக் குழியைப் பார்த்ததும் ஆன்மேரிக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆல்கஹால் நிறத்தைத்தான் எடுத்திருக்கும், குழியை எடுத்திருக்காது. வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள். முத்துமீனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடையைவிட்டு வெளியே வரும்வரை அதை விடவில்லை.

மறுநாள் நான்கு மணிக்கு முப்பத்தொன்றையும் மறுபடியும் தட்டில் பரப்பினாள். குழி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தாள். இருபத்திரண்டில் இல்லை. ஒன்பதில் இருந்தது. மாதக்கணக்கில் குழப்பிய அளவுகள், இரண்டு குவியலாகப் பிரித்துப் போட்டதும் சண்டையில்லாமல் அடங்கின. ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு நத்தையைக் கரைத்து, அதன் நாக்குப் பட்டையை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் விரித்தாள். வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த பட்டை அது. நத்தை பாசியைச் சுரண்டித் தின்பது அதனால்தான். இரண்டு பட்டைகளிலும் பற்களின் வடிவமே வேறு. ஒரே குடும்பம்கூட இல்லை.

பழைய கட்டுரையை அன்றைக்கே அழித்தாள். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக, ஒரு பள்ளத்தின் விளிம்பில் யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியதுபோன்ற ஆசுவாசம் இருந்தது. இரண்டு விலங்குகளைக் குழப்பி ஒரு பெயர் வைத்து அச்சிலும் ஏற்றியிருந்தால், பின்னால் வருகிறவர்கள் எத்தனை பேர் அதில் தடுக்கி விழுந்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் ஜினோவிடம் முழுக்கதையையும் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடு என்றான். சேலை பத்தாது என்றாள் ஆன்மேரி.

எல்லாவற்றையும் வீடியோவோடு நியூசிலாந்துக்கு அனுப்பினாள். இந்த முறை பதில் வர எட்டு நாள் ஆயிற்று. ஆடி நடப்பது அந்தக் கடல் முழுக்க இருக்கிற, எல்லோரும் அறிந்த இனம். வழுக்கிச் செல்வதற்கும் ஏற்கெனவே பெயர் உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால், அந்தக் கண்டத்தின் மறுபக்கக் கரையில் கிடைத்த இரண்டு வெற்று ஓடுகளை வைத்து யாரோ எழுதிவைத்தது. அதற்குப் பிறகு அது யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த ஓட்டுக்குள் என்ன மாதிரி விலங்கு இருந்தது என்று எவருக்கும் தெரியாது. நிபுணர் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: என் வேலைக்காலம் முழுக்க இதன் ஓட்டை மட்டுமே அறிந்திருக்கிறேன். நேற்று இது நடப்பதைப் பார்த்தேன். இன்று காலையும் பார்த்தேன். இதைப் பிரித்துச் சொன்ன அந்தப் பெண்மணிக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள்.

புது இனம் இல்லை. அந்த வரியைப் படித்தபோது ஆன்மேரிக்கு நெஞ்சுக்குள் ஒன்று விழுந்தது நிஜம். கடைசி வரிகளுக்கு வந்தபோது அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அவள் புதிதாக எழுதிய கட்டுரையில் நான்கு பேர் ஆசிரியர்கள். தானும், கோவா விஞ்ஞானியும், ராம்கியும், முத்துமீனாவும். இதைப் போனில் சொன்னபோது முத்துமீனா பதறிப்போனாள்.

"நான் பத்தாப்பு ஃபெயிலு டீச்சர். என் பேரப் போட்டா ஒங்களுக்குத்தான் கேவலம். நன்றின்னு கடைசில ஒரு வரி போடுங்க, போதும்."

"பாத்தது நீங்க. பாத்தவங்க பேரு இல்லாம நான் பாத்த மாதிரி எழுதினாத்தான் கேவலம்," என்றாள் ஆன்மேரி.

 சரி, இனிஷியல் எஸ் என்று போடணும், கண்ணுச்சாமிங்கறது தாத்தா பேரு, அதைப் போட்டுறாதீங்க என்றாள் முத்துமீனா. ஆதார் அட்டையில் அப்பா பேருக்குப் பதில் தாத்தா பேர் ஏறியிருந்ததாம். ஒவ்வொரு ஆசிரியரும் எந்த நிறுவனம் என்று பத்திரிகையின் படிவம் கேட்டது. முத்துமீனாவின் பெயருக்கு எதிரே கொட்டாம்பட்டி, மதுரை மாவட்டம் என்று மட்டும் எழுதினாள் ஆன்மேரி. பத்திரிகைக்காரர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. ஐந்து மாதத்தில் கட்டுரை வெளிவந்தது.

வெளிவந்த வாரத்துச் சனிக்கிழமை இருவரையும் கல்லூரிக்கு வரவழைத்தாள். மகள் அஸ்வினியைச் செல்லத்தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். துறைத்தலைவி சிஸ்டரே வாசலில் வந்து அழைத்துப்போனார். ஆய்வகத்தில் முத்துமீனா நுண்ணோக்கியின்மேல் குனிந்து வெகுநேரம் நிமிரவில்லை. எது ஆடுவது, எது வழுக்குவது என்று கேட்டாள். ஆன்மேரி தட்டை நகர்த்திக் காட்டினாள். நிமிர்ந்தபோது முத்துமீனாவின் கண் கலங்கியிருந்தது.

"எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாத்தான் டீச்சர் எந்திரிக்கணும்போல இருக்கும். பயத்துல தூக்கம் வராது. இதுகளப் பாத்தா, அம்புட்டுக் குளுருல, இம்புட்டுக்காண்டு உசுரு, அவசரமே இல்லாமப் போயிக்கிட்டு இருக்கும். சரி, நாமளும் இன்னைக்கு ஒரு நாளு படுத்திருப்போம்னு தோணும். அப்படியே ஆறு மாசம் ஓடிருச்சு. அஸ்வினி பொறந்ததுக்கு நான் எல்லாச் சாமிக்கும் செஞ்சுட்டேன். இதுகளுக்குத்தான் என்ன செய்யறதுன்னு தெரியாம இருந்துச்சு."

ராம்கி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் அப்படிப் படுத்துக்கிடந்த மாதங்களில் தான் பூமியின் அடிமுனையில் இருந்ததை நினைத்தாரோ என்னவோ.

ஆன்மேரி அன்றைக்கு அவர்களிடம் ஒன்று கேட்க வைத்திருந்தாள். கோவாவிலிருந்து இன்னும் பதினான்கு குப்பிகளை அனுப்பவா என்று கடிதம் வந்திருந்தது. சிலவற்றுக்கு உயிரோடு எடுத்த வீடியோக்களும் இருந்தன. அவற்றைப் பொறுமையாகப் பார்த்து, எது எப்படி நடக்கிறது என்று பிரித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், திட்டத்திலேயே அதற்கு இடம் கேட்டு எழுதுகிறேன், வருகிறீர்களா என்று கேட்டாள்.

முத்துமீனா ராம்கியைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்தாள். அஸ்வினிக்கு அங்கன்வாடி மூன்றரைக்கு முடியும், காலை ஒன்பது பத்துக்கு ஒரு பஸ் கொட்டாம்பட்டியில் நின்று வரும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுச் சொன்னாள். பிறகு மறுபடியும் நுண்ணோக்கியின்மேல் குனிந்துகொண்டே, புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வாரேன் டீச்சர் என்றாள்.